சீல் அக்காவின் நூற்று எண்பத்து மூன்று தவறுகள்

பதினெட்டு வயதுக்குள் தப்புச் செய்துவிட்டு நீதிமன்றம் அனுப்பிவைக்கிற பையன்கள் இருக்கும் அரசு இல்லம் ஒன்றில் நான் வேன் டிரைவர். அவர்களை நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. இது என் கதை இல்லை. ஆனாலும் நடுநடுவே மூக்கை நுழைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எங்கள் ஆபீஸ் கிளார்க்கைப் பற்றியது. வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருட சர்வீஸ். பையன்கள் வைத்த பெயர் சீல் அக்கா. கண்காணிப்பாளர் மட்டும் மரியாதையாக மேடம் என்பார், அதுவும் அவர் எதிரில் இருக்கும்போது.

பெயருக்குக் காரணம் அவர் மேசையில் இருக்கும் வட்ட முத்திரை. இல்லத்தின் முழுப் பெயரும் வட்டமாக ஓடும், நடுவில் அரசுச் சின்னம். மற்ற ஆபீஸ்களில் சீல் குத்துவதைப் பார்த்திருக்கிறேன், கொசு அடிக்கிற மாதிரி அடிப்பார்கள். அக்கா அப்படியில்லை. அடியில் நாலாக மடித்த பேப்பரை வைத்து, மையில் இரண்டு தடவை ஒற்றி, எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்து, வைத்து, மெதுவாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் அழுத்தி எடுப்பார். ஓர் எழுத்து மங்கினாலும் அன்றைக்கு முழுவதும் முகம் சரியிருக்காது. சீல் இல்லாத காகிதம் எதுவும் அவர் மேசையைத் தாண்டிப் போனதில்லை. என் லீவு லெட்டரிலேயே குத்தியிருக்கிறார்.

ஆனால் சீலைச் சொல்லி அவரைக் கேலி செய்துவிட்டுப் போனால் பாவம் எனக்குத்தான். அங்கே பையன்களுக்காக உண்மையாகவே மல்லுக்கு நின்ற ஆள் அவர்தான். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஃபைல் உண்டு, பன்னிரண்டு பக்கம். படிப்புக்கு ஒரு பக்கம், உடம்புக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, வீட்டாரைப் பார்ப்பதற்கு ஒன்று, வெளியே போனபிறகு என்ன ஏற்பாடு என்பதற்குக் கடைசிப் பக்கம். பல இல்லங்களில் இதை 'நலம்', 'திருப்தி' என்று எழுதி நிரப்பிவிடுவார்கள். அக்காவிடம் அது நடக்காது. வாரத்துக்கு ஒருநாள் ஃபைல்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வருவார். டாக்டர் அவசரமாகக் கை கழுவப் போய்விடுவார். வாத்தியாருக்குத் திடீரென்று போன் வரும். நான் வண்டிக்கடியில் படுத்துக்கொள்வேன்.

"இந்தப் பையனோட ஒன்பதாம் பக்கம் ரெண்டு மாசமா காலியா இருக்கு. அவங்கம்மாவால பஸ் ஏறி வர முடியாதுன்னா நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்று வண்டிக்கடியில் இருக்கும் என் காலைப் பார்த்தே பேசுவார்.

ஒருநாள் புதிதாக வந்த வார்டன் ஒருவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். திருட்டுப் பசங்களுக்கு எதற்கு இத்தனை சீராட்டு என்றார். அக்கா கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"பதினஞ்சு வயசுப் பையனை வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்து பூட்டி வெச்சிருக்கோம். அப்போ அவங்க அப்பா அம்மா செய்ய வேண்டியதை எல்லாம் யார் செய்யணும்? நீங்களா, நானா, இல்ல அந்தப் பூட்டா?"

வார்டன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். பிறகு அவரே நல்ல வாலிபால் கோச் ஆனார், அது வேறு விஷயம்.

நெட்டை என்ற பையன் வந்தபோது அவனுக்குப் பதினைந்து. என்ன செய்துவிட்டு வந்தான் என்று கேட்காதீர்கள். சொல்ல எனக்கு உரிமையில்லை, சொன்னால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். உங்கள் வீட்டுப் பையன் செய்திருந்தால் நாலு அறையோடு முடிந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடமாக ஒரே வகுப்பு. மக்கு என்று எழுதாத குறையாக ரிப்போர்ட் வந்திருந்தது. ஃபைலில் கையெழுத்துப் போட வந்தவன் காகிதத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்ததை அக்கா பார்த்துவிட்டார். உடம்புப் பக்கத்தில் டாக்டர் 'பார்வை சாதாரணம்' என்று எழுதியிருந்தார். அக்கா ஜன்னல் வழியே வெளியே காட்டி, "அங்க கம்பத்துல என்னடா கட்டியிருக்கு?" என்று கேட்டார். "எந்தக் கம்பம்?" என்றான்.

அன்றைக்கே கண்ணாஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொன்னார். கண்ணாடி போட்ட முதல் நாள் அவன் மைதானத்தில் நின்று மரத்தின் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு படித்தான். பெரிய படிப்பாளி ஆகவில்லை, ஆனால் எலெக்ட்ரீஷியன் கோர்ஸில் அவனுக்கு ஈடு யாரும் இல்லை. எங்கள் கட்டடத்தில் வருடக்கணக்காக மினுக்கிக்கொண்டிருந்த குழல்விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது.

இந்தக் கோர்ஸ்தான் விஷயம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தொழிற்பயிற்சி அலுவலகத்தோடு பேசி எங்கள் இல்லத்துக்குள்ளேயே ஆரம்பித்தார்கள். வெளியே படிக்கிறவர்களுக்கு உள்ள அதே பாடம், அதே பரீட்சை, அதே சான்றிதழ். சான்றிதழில் பையன் பெயரும் தொழிலும் தேதியும் இருக்கும், எங்கே படித்தான் என்று இருக்காது. வேண்டுமென்றே அப்படி. ஏனென்றால் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வெளியே போகும் பையன் கையில் உள்ள எந்தக் காகிதமும் அவன் இங்கே இருந்ததைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. இந்த வரி அக்காவுக்கு மனப்பாடம். பள்ளி மதிப்பெண் பட்டியலில் இல்லத்தின் முகவரி அச்சாகி வந்தபோது, கல்வி அலுவலகத்தில் மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்று மாற்றிக்கொண்டு வந்தவர் அவர்.

முதல் வருடம் சான்றிதழ்கள் வந்தபோது ஒரு குளறுபடி. ஒரே பெயரில் இரண்டு பையன்கள், ஒருவனுடையது இன்னொருவனிடம் போய்விட்டது. அக்காவுக்கு அவமானமாகப் போயிற்று. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். சான்றிதழ் வந்ததும் ரெஜிஸ்டரில் ஏற்றுவார். ரெஜிஸ்டர் எண்ணைச் சான்றிதழின் வலது கீழ் மூலையில் சின்னதாக எழுதுவார். அதன் மேல் சீல். யாரும் போடச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பார்க்க அழகாக இருந்தது. பையன்களே வரிசையில் நின்று, "அக்கா, நல்லா அழுத்திப் போடுங்க" என்பார்கள். அரசாங்க முத்திரை தங்கள் பெயருக்குக் கீழே இருப்பது அவர்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். படித்த அதிகாரிகள் எத்தனையோ பேர் வந்து ஆய்வு செய்து போனார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

நெட்டை தண்டனைக் காலம் முடிந்து வெளியே போய் நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்றான், அக்காவைப் பார்க்க வேண்டும் என்றான். நான் போய்ச் சொன்னேன். அக்கா பொங்கி வரும் பால் மாதிரி முகம் பூரித்து எழுந்து வந்தார்.

"என்னடா இளைச்சுப் போயிட்டே. வேலை கிடைச்சுதா?"

அவன் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தான். உள்ளே சான்றிதழ். "அக்கா, இதே மாதிரி சீல் இல்லாம ஒண்ணு கிடைக்குமா?"

"சீல் இல்லாட்டி அது வெறும் பேப்பர்டா. யார் மதிப்பாங்க?"

"சீல் இருந்தாதான் மதிக்க மாட்டேங்கறாங்கக்கா."

மூன்று இடத்துக்குப் போயிருக்கிறான். மூன்று இடத்திலும் செய்முறைப் பரீட்சை நன்றாகச் செய்திருக்கிறான். மூன்று இடத்திலும் சான்றிதழை வாங்கிப் படித்து, மூலைக்கு வந்ததும் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்து, சொல்லி அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். இப்போது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் முப்பது பேரில் இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் இவன் ஒருவன். திங்கள்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

"நானே எடுத்துடலாம்னு பார்த்தேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு கவரைத் திருப்பிக் காட்டினான். ரப்பரால் தேய்த்து, பிறகு பிளேடால் சுரண்டியிருக்கிறான். முத்திரையின் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்தது. சுற்றி ஓடிய எழுத்து மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்தது. அக்கா அழுத்திப் போட்ட சீல் அல்லவா.

"சட்டப்படி போடணும்னு தெரியும்க்கா. உங்களைக் குத்தம் சொல்லலை. வேற வழி ஏதாச்சும் இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன்."

அக்கா கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டம் அதை எங்கேயும் கேட்கவில்லை, கூடாது என்றுதான் சொல்கிறது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? முகவரிக்காக மூன்று நாள் சண்டை போட்ட மனுஷி, இல்லத்தின் பெயரையே தன் கையால் எட்டு வருடமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்.

"இதைக் கொடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை காலைல எட்டரைக்குத் தொழிற்பயிற்சி ஆபீஸ் வாசல்ல நில்லு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. தலைவலி பிடிக்காதவர், அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா மேடம்? தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, இன்னொண்ணு தருவாங்க" என்றார்.

"தொலைஞ்சதுன்னா போலீஸ்ல எழுதி வாங்கணும் சார். அந்தப் பையனை மறுபடியும் ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்றீங்களா? அப்படியே கொடுத்தாலும் மேல சிவப்புல நகல்னு குத்தித்தான் தருவாங்க."

"அப்போ வேற எப்படி?"

"ஆபீஸ் தப்புன்னு எழுதினா பழையதை ரத்து பண்ணிட்டுப் புதுசு தரலாம். விதியில இருக்கு. யார் தப்புன்னும் எழுதணும்."

"யார் தப்பு?"

"நான்தான்."

கண்காணிப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்த மாதிரி இன்னும் எத்தனை போயிருக்கும் என்று கேட்டார். அக்கா கையோடு கொண்டுவந்த ரெஜிஸ்டரைத் திறந்தார். நூற்று எண்பத்து மூன்று. அவ்வளவு சுத்தமாக எழுதி வைத்திருந்ததால் எண்ணுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கண்காணிப்பாளர் ரெஜிஸ்டரை மெதுவாக மூடினார். "மேடம், இன்னும் ரெண்டு வருஷம்தான் உங்களுக்கு. தலைமை எழுத்தர் லிஸ்ட்ல உங்க பேர்தான் முதல்ல இருக்கு. இவன் ஒருத்தனுக்கு மட்டும் ஏதாச்சும் பார்க்கலாம். மத்தவங்க யாரும் கேக்கலையே."

"கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதே சார்."

நாளைக்குப் பார்க்கலாம் என்று கண்காணிப்பாளர் எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் நடந்ததை மறுநாள் வண்டியில் அவரே சொன்னார். அவர் கணவர் மின்வாரியத்தில் மீட்டர் ரீடர், யார் வீட்டு வாசலிலும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்காத மனிதர். "வேண்டாத வேலையை இழுத்துப் போட்டுக்காதே. தலைமை எழுத்தர் நாற்காலிக்கு எட்டு வருஷமா காத்துட்டு இருக்கே" என்றிருக்கிறார். மகள் நர்ஸிங் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பீரோவைத் திறந்து மகளின் சான்றிதழ்களை எடுத்துக் கட்டிலில் பரப்பியிருக்கிறார். ஒவ்வொன்றின் வலது மூலையையும் பார்த்திருக்கிறார்.

"என்னம்மா தேடறே?" என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணுமில்லடி."

"இதுலயும் சீல் குத்தப் போறியா? விட்டுடும்மா தாயே, எனக்கு வேலை வேணும்."

மகள் விளையாட்டாகச் சொன்னதுதான். அக்கா கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம். மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார, எல்லாவற்றையும் சொன்னாராம். கேட்டு முடித்த மீட்டர் ரீடர் எழுந்து போய் வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். "எழுது. எழுதலைன்னா நீ தூங்க மாட்டே, என்னையும் தூங்க விடமாட்டே" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா இரண்டு கடிதங்களோடு வந்தார். ஒன்று நெட்டைக்கு மட்டும், உடனடியாகப் புதுச் சான்றிதழ் கேட்டு. எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் நூற்று எண்பத்து மூன்றையும் சரிபார்த்து முடிக்க மாதக்கணக்காகும், திங்கள்கிழமை கைவிட்டுப் போய்விடும் என்பது அவர் கணக்கு. இன்னொன்று மீதி நூற்று எண்பத்திரண்டு பேருக்கும். இரண்டிலும் ஒரே வாக்கியம்: 'யாருடைய உத்தரவும் இன்றி நானாக இட்ட முத்திரை, சட்டத்துக்குப் புறம்பானது, தவறு முழுவதும் என்னுடையது.' கண்காணிப்பாளர் இரண்டையும் படித்தார். பிறகு 'என்னுடையது' என்பதை அடித்து 'இந்த அலுவலகத்தினுடையது' என்று மாற்றி, அக்காவின் பெயருக்கும் பதவிக்கும் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். நான் அவரைப் பற்றி அதுவரை சொன்னதில் பாதியை அன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது கடிதத்துக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கண்காணிப்பாளர் திருத்தியும் பலனில்லை. தலைமை எழுத்தர் லிஸ்டிலிருந்து அக்காவின் பெயர் போயிற்று. ஆபீஸில் எதிர் மேசையில் இருந்த இன்னொரு கிளார்க்குக்கு அந்த நாற்காலி கிடைத்தது. அவருடைய நியமன ஆணையில் அக்காவே சீல் போட்டார், ஓர் எழுத்து மங்கவில்லை. ஆனால் புதுச் சான்றிதழ்கள் வரத் தொடங்கின. வீடு மாறிப் போனவர்களைத் தேடித் தேடி நானும் அக்காவும் இதுவரை நூற்று நாற்பது பேர் கையில் கொடுத்திருக்கிறோம். மீதிப் பேரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தொழிற்பயிற்சி அலுவலகத்தில் கவுன்ட்டர்காரர் கடிதத்தைப் படிக்காமலே, "சர்டிபிகேட் பிரின்ட் புதன்கிழமைதான்" என்றார். அக்கா எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தார்தான். கவுன்ட்டர்காரர் டீ குடிக்கப் போய் வந்தார், சாப்பிடப் போய் வந்தார், இரண்டாவது டீக்குப் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் அக்கா அவரைப் பார்த்தபடியே இருந்தார். மூன்று மணிக்கு அவரே தாங்க முடியாமல், "மேடம் ரூமுக்குப் போங்கம்மா" என்று கதவைக் காட்டினார்.

நானும் அக்காவோடு உள்ளே போனேன். அந்தப் பெண் அதிகாரி அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். கடிதத்தைப் படித்தார், பழைய சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது.

"இது யார் சுரண்டினது?"

"பையன்தான் மேடம்."

"அரசாங்க ஆவணத்தைச் சிதைக்கிறது குற்றம். உங்களுக்குத் தெரியாதா? இதை நான் மேல எழுதியாகணும்."

வேலைக்கு வழி கேட்டு வந்தவன்மேல் இன்னொரு கேஸா? அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இந்தத் தடவை போகிற இடம் எங்கள் இல்லமாக இருக்காது. அக்கா நின்ற இடத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார்.

"மேடம், அவன் சர்டிபிகேட்டைச் சுரண்டலை. அவன் பேர் மேல கை வைக்கலை, தேதி மேல வைக்கலை, உங்க கையெழுத்து மேல வைக்கலை. அங்க இருக்கவே கூடாதது ஒண்ணு இருந்துச்சு, அதைத்தான் எடுக்கப் பார்த்திருக்கான். நாங்க செய்ய வேண்டிய வேலை அது. எங்களுக்குத் தோணலை, அவனா ஒரு பிளேடை வெச்சுப் பார்த்திருக்கான். யார் மேலயாச்சும் எழுதணும்னா என் மேல எழுதுங்க. பேர், பதவி எல்லாம் கீழயே இருக்கு."

அதிகாரி கடிதத்தின் கீழே பார்த்தார். "இந்த சீலைப் போடச் சொன்னது யார்?"

"யாரும் இல்லை. அழகா இருக்குன்னு நானே போட்டேன்."

இந்தப் பதிலை அந்த அறையில் யாரும் இதற்கு முன் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது, கண்ணில் வேறு ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது. பழைய சான்றிதழின் குறுக்கே இரண்டு கோடு போட்டு 'அலுவலகத் தவறு, ரத்து' என்று எழுதினார். சுரண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்க. நான் முன்னாடியே வந்துடறேன்" என்றார்.

திங்கள்கிழமை அவர் சொன்னபடி வந்துவிட்டார், பிரின்டர்தான் வழிக்கு வரவில்லை. அது பாதிச் சான்றிதழோடு வாயைப் பிளந்து நின்றது. நெட்டை உள்ளே எட்டிப் பார்த்து, "நான் பார்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அதன் பின்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தான். கவுன்ட்டர்காரர் தடுக்கப் போனார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். தன் சான்றிதழைத் தானே பிரின்டரிலிருந்து உருவி எடுத்த ஒரே மாணவன் அவனாகத்தான் இருப்பான். ஒன்பது இருபத்தைந்துக்கு அவன் கையில் சூடாகப் புதுச் சான்றிதழ் இருந்தது. வலது கீழ் மூலையில் ஒன்றுமே இல்லை.

கம்பெனி ஊரின் மறுகோடியில். மூவரும் வேனில் ஏறினோம். எத்தனையோ வருடமாக ஓட்டுகிற வண்டி, அன்றைக்கு ஓட்டிய மாதிரி என்றும் ஓட்டியதில்லை. கம்பெனித் தெருவுக்குள் திரும்ப இன்டிகேட்டரைப் போட்டேன். கேட் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"நிறுத்துங்க" என்றார் அக்கா.

"இன்னும் கொஞ்சம் தூரம்தான்க்கா, வாசல்லயே விட்டுடறேன்."

"தம்பி, உங்க வண்டில என்ன எழுதியிருக்கு?"

பிரேக்கை அழுத்தினேன். எழுதியிருந்தது எனக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் ஓர் அடி உயர நீல எழுத்தில் இல்லத்தின் முழுப் பெயர். மாதம் ஒருமுறை நானே ஈரத்துணி போட்டுத் துடைத்து மினுக்குவேன். பரீட்சை நடக்கும் பள்ளிகளுக்கு இந்த வண்டியில்தான் போயிருக்கிறேன். பையன்கள் வெயிலில் நடக்க வேண்டாமே என்று கேட்டுக்கு நேரே, மற்றப் பிள்ளைகள் எல்லாரும் நிற்கிற இடத்தில், ஒட்டி நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறேன். அதை ஒரு நல்ல காரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் சீலைப் பற்றி இவ்வளவு நேரம் உங்களிடம் கேலி பேசினேனே, வெட்கமாக இருக்கிறது.

ரிவர்ஸில் இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினேன். மணி ஒன்பது ஐம்பத்தொன்று. நெட்டை கதவைத் திறந்து குதித்து, கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினான். நீளமான கால், நல்லவேளை.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வந்து சொல்லிவிட்டுப் போகச் சொல்லியிருக்க வேண்டும், அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா இருப்புக்கொள்ளாமல் வண்டியை விட்டு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். புதுச் சான்றிதழில் இன்றைய தேதி இருக்கிறதே, அதைக் கேட்பார்களோ என்றார். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால் அவனுக்குப் பொய் சொல்ல வராதே என்றார். பதினொன்றே காலுக்கு, "நீங்க நடந்து போய்ப் பார்த்துட்டு வாங்க. காக்கிச் சட்டையைக் கழட்டிட்டுப் போங்க" என்றார். பனியனோடா போவது? வண்டியில் கிடந்த மழைக்கோட்டை வெயிலில் மாட்டிக்கொண்டு போனேன்.

கம்பெனி கேட் திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்ன வேனில் கயிறும் பெட்டியும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறச் சட்டை போட்ட நாலு பேர். ஒருவனுக்குச் சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டாமல் முழங்கைக்குக் கீழேயே நின்றுவிட்டிருந்தது. அவ்வளவு நெட்டைக்கு அவர்களிடம் சட்டை இல்லை போல. தோளில் கருவிப்பை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான்.

எனக்கிருந்த சந்தோஷத்தில் கை பாதி தூக்கிவிட்டேன்.

பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "யாருப்பா அது?" என்றார்.

நெட்டை இரண்டு அடி முன்னால் வந்தான். மூன்று வருடம் என் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து வந்த பையன். நீதிமன்றத்துக்குப் போகும்போது வாந்தி எடுத்தபோது நான்தான் தண்ணீர் கொடுத்தேன். என் முகத்தை நேராகப் பார்த்து, வழியில் போகிற யாரிடமும் பேசுகிற குரலில் கேட்டான்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

ஒரு நொடிதான். "இல்லப்பா, தெரு மாறி வந்துட்டேன்" என்றேன்.

"மெயின் ரோடு அந்தப் பக்கம் சார்" என்று கை நீட்டிக் காட்டினான். திரும்பிப் போய் வேனில் ஏறினான். அந்த வண்டி என்னைத் தாண்டிப் போயிற்று.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். வருத்தம் கொஞ்சமும் இல்லை. மழைக்கோட்டுக்குள் வியர்த்து ஊற்ற, இரண்டு தெருவும் கிட்டத்தட்ட ஓடித்தான் வந்தேன். அக்கா தெருமுனைக்கே வந்து நின்றிருந்தார்.

"வேலைல சேர்ந்துட்டான்க்கா. வண்டில ஏறிப் போயிட்டான்."

"உங்களைப் பார்த்தானா? என்ன சொன்னான்?"

"யாரைப் பார்க்கணும் சார்னு கேட்டான்."

அக்கா புரியாமல் என்னைப் பார்த்தார். புரிந்ததும் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"அப்படியேவா கேட்டான்? முகத்தைப் பார்த்தா?"

"முகத்தைப் பார்த்துதான்க்கா. மெயின் ரோட்டுக்கு வழி வேற சொன்னான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன்.